சுவரில் ஐம்பதுகள், தட்டில் முப்பதுகள்

தோல் தொழிலில் இருப்பவனுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொள்ளும். எங்கே உட்கார்ந்தாலும் கை முதலில் இருக்கையைத் தடவிப் பார்க்கும். பிராக்டன் நகரத்தின் அந்தச் சின்ன உணவகத்தில் சிவப்பு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்ததும் என் விரல்கள் மெத்தையின் ஓரத்துக்குப் போய்விட்டன. தோல் இல்லை, வினைல். ஓரத்தில் ஓடியதும் தையல் இல்லை. சூட்டில் அழுத்தித் தையல்போலக் காட்டிய கோடு. ஸ்டூலின் கழுத்தைச் சுற்றிக் குரோமியம் பூசிய வளையம், முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளும் அளவுக்கு மின்னியது.

ஆம்பூரில் காலணி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாடு என் வேலை. எங்களிடம் ஷூ வாங்கும் கம்பெனிக்கு பாஸ்டன் பக்கத்தில் அலுவலகம். 2011 குளிர்காலத்தில், அடுத்த சீசனுக்கான சாம்பிள்களைக் கூடவே இருந்து முடித்துக்கொடுக்க என்னை அங்கே அனுப்பினார்கள். பாஸ்டனில் வாடகை கட்டுப்படியாகாது என்று, தெற்கே ரயில் பாதையில் இருந்த பிராக்டனில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தார்கள். அது என்ன ஊர் என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். எனக்கும் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு பூட்ஸ் தைத்துக் கொடுத்த ஊர். பிறகு நாட்டிலேயே அதிகமாகக் காலணி செய்த ஊர்களில் ஒன்றாகி, ‘ஷூ சிட்டி’ என்றே பெயர் வாங்கியது. நான் போனபோது அந்தப் பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. செங்கல் ஆலைகள் சில அடுக்குமாடி வீடுகளாக மாறியிருந்தன. மற்றவை ஜன்னல்களில் பலகை அடித்து நின்றன.

அறையில் அடுப்பு சரியில்லை. ரயிலடியிலிருந்து அறைக்கு நடக்கும் வழியில் அந்தக் கடை இருந்தது. இரண்டும் சேர்ந்து என்னை அதன் வாடிக்கையாளன் ஆக்கிவிட்டன.

கடை என்றால் பத்து ஸ்டூல், ஜன்னலோரம் இரண்டு மேசை, அவ்வளவுதான். கதவைத் திறந்தால் குளிர்காற்று கடைசி ஸ்டூல் வரைக்கும் போகும். அதனால் யார் நுழைந்தாலும் எல்லாத் தலைகளும் ஒரு தரம் திரும்பும். கதவு மூடியதும் தட்டுக்குப் போய்விடும். தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். கவுன்டர் மேலே, வளைதடிகள் சிதறிக் கிடப்பதுபோல அச்சிட்ட ஃபார்மைக்கா. சுவர் முழுக்க 1950-களின் நாட்கள்: வால் துடுப்பு வைத்த காடிலாக் கார்கள், கோக்க கோலா தகரப் பலகைகள், எல்விஸ் பிரெஸ்லி, மர்லின் மன்றோ. மூலையில் நின்ற ஜூக்பாக்ஸ் பாட்டுப்பெட்டி, வுர்லிட்சர் கம்பெனி 1946-இல் கொண்டுவந்த 1015 மாடலை அப்படியே உரித்து வைத்தது. வளைந்த தலை, நிறம் மாறும் ஓரங்கள், கண்ணாடிக் குழாய்க்குள் ஏறிப்போகும் குமிழிகள். உள்ளே சுற்றியது மட்டும் சிடி.

எல்விஸுக்கும் மர்லினுக்கும் நடுவே ஊர்ப்பாசத்துக்கு ஓரிடம் விட்டிருந்தார்கள். குத்துச்சண்டை வீரர் ராக்கி மார்சியானோ பிராக்டனில் பிறந்தவர். 1952-இல் ஜெர்சி ஜோ வால்காட்டை வீழ்த்தி உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். ஆடிய 49 ஆட்டங்களிலும் வென்று, ஒரு தோல்விகூடக் காணாமல் 1956-இல் விலகினார். அவருடைய தந்தை, இத்தாலியிலிருந்து வந்து இந்த ஊர் ஷூ ஆலையில் உழைத்தவர். படத்தில் மகன் கையுறையோடு நின்றார். தந்தையின் ஆலை அந்தச் சுவரில் எங்கும் இல்லை.

முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. உறைக்க வைத்தவர் கடைசி ஸ்டூல்காரர். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு வருவார், கம்பளித் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொள்வார், காபி கேட்காமலேயே வரும். அந்தக் காபி தடித்த பீங்கான் குவளையில் வரும். காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், காசு ஒரு குவளைக்குத்தான். நான் ஜூக்பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவராகவே பேச்சைத் தொடங்கினார்.

“இந்த மினுக்கல் எல்லாம் நியூஜெர்சிக்காரங்க வேலை. இந்தப் பக்கத்து டைனர் இப்படி இருக்காது. மரத்துல இருக்கும்.”

அவர் சொன்னது உண்மை. இத்தனைக்கும் டைனர் என்ற இந்த ஸ்டூல்-கவுன்டர் உணவகமே அந்த வட்டாரத்தில் பிறந்ததுதான். பிராக்டனிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத பிராவிடன்ஸ் நகரில், பத்திரிகை அச்சகத்தில் வேலை பார்த்த வால்டர் ஸ்காட் என்பவர் கூடையில் சாண்ட்விச்சும் காபியும் விற்றுக்கொண்டிருந்தார். 1872-இல் ஒரு குதிரை வண்டியில் கடையை ஏற்றி, பத்திரிகை அலுவலக வாசலில் நிறுத்தினார். இரவானால் மற்ற உணவகங்கள் மூடிவிடும். அச்சுக்காரர்களுக்கும் இரவு ஷிப்டுக்காரர்களுக்கும் பசிக்கும். அதுதான் வியாபாரம். 1887-இல் வூஸ்டர் நகரில் சாமுவேல் ஜோன்ஸ், வாடிக்கையாளர் மழையில் நனையாமல் உள்ளே ஏறி நின்று சாப்பிடும்படி வண்டியைப் பெரிதாக்கினார். அதே ஊரின் சார்லஸ் பால்மர் 1891-இல் அப்படிப்பட்ட வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். 1906-இல் அங்கே ‘வூஸ்டர் லஞ்ச் கார்’ கம்பெனி தொடங்கியது. ஆலையிலேயே முழு உணவகத்தையும் கட்டி, இழுத்துக்கொண்டுபோய் வாங்கியவன் இடத்தில் இறக்கிவிடுவார்கள். 1957 வரை 651 டைனர்கள் அப்படிப் போயின.

டைனர் ஏன் ரயில்பெட்டிபோல ஒடுங்கி நீண்டிருக்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். சாலையில் இழுத்துப்போகக் கூடிய அகலம்தான் அதன் அகலம். அந்த அகலத்துக்குள் ஒரு பக்கம் அடுப்பு, நடுவே நீளக் கவுன்டர், மறு பக்கம் ஸ்டூல். சமைப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் நடுவே ஒரு பலகைதான். வூஸ்டர்க்காரர்கள் உள்ளே ஓக் மரமும் மார்பிளும், வெளியே எனாமல் பூசிய தகடும் வைத்துச் செய்தார்கள். கடையின் பெயரை அந்த எனாமலிலேயே எழுதிச் சூளையில் சுட்டார்கள். நியூஜெர்சிக் கம்பெனிகளோ துருப்பிடிக்காத எஃகில் பளபளவென்று பெரிது பெரிதாகச் செய்து முந்திக்கொண்டன. பின்னால் ‘பழைய பாணி’ கடை போட நினைத்தவர்கள் எல்லோரும் அந்தப் பளபளப்பைத்தான் நகல் எடுத்தார்கள். அசல் டைனர் பிறந்த மண்ணிலேயே வேறு மாநிலத்து வேஷம்.

நான் உட்கார்ந்திருந்த கடை 1990-களில் திறந்தது. அதற்கு முன்பு அது சலவைக்கடை. அதன் ஐம்பதுகளும் ஐம்பதுகளில் உருவானவை அல்ல. வியட்நாம் போரும் பெட்ரோல் பஞ்சமும் அமெரிக்காவை ஆட்டிவைத்த எழுபதுகளில்தான், போன தலைமுறையின் இளமையைத் திரும்பிப் பார்க்கும் ஆசை பெரிதாக எழுந்தது. 1973-இல் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படம் வந்தது. அடுத்த ஆண்டு ‘ஹேப்பி டேஸ்’ தொலைக்காட்சித் தொடர். 1982-இல் பால்டிமோர் இளைஞர்கள் கூடிப் பேசும் இடத்தையே பெயராக்கி ‘டைனர்’ என்ற படம். 1986-இல் லாஸ் ஏஞ்சலஸில் ‘ஜானி ராக்கெட்ஸ்’ முதல் கடையைத் திறந்தது. சிவப்பு ஸ்டூலும் ஜூக்பாக்ஸும் அதன் பிறகு சங்கிலிக் கடைகளின் சீருடை ஆயின. ஸ்டூல், கூரைவிளக்கு, தகரப் பலகை, கெட்ச்சப் பாட்டில்வரை எல்லாமே புத்தம்புதிதாக, பழையதுபோலச் செய்து விற்பனைக்குக் கிடைக்கும்.

கடைசி ஸ்டூல்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “சாப்பாடு சரியா இருக்கு. அது போதும்” என்றார்.

சாப்பாடு சரியாகத்தான் இருந்தது. கறும்பலகையில் தினம் ஓர் அயிட்டம் எழுதியிருப்பார்கள். முதல் நாள் நான் சாப்பிட்டது அமெரிக்கன் சாப்ஸி. சீனாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வளைந்த மக்ரோனி, கொத்திய மாட்டிறைச்சி, வெங்காயம், பச்சைக் குடைமிளகாய், தக்காளி, எல்லாம் ஒரே பாத்திரத்தில். நியூ இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் மத்தியான உணவாகவே அதைத் தின்று வளர்ந்தவர்கள் ஏராளம். ஆம்பூர்க்காரனுக்கு மாட்டுக்கறி புதிதல்ல. எங்கள் வீட்டுக் கொத்துக்கறியிலிருந்து மிளகாயையும் பட்டையையும் எடுத்துவிட்டுச் சோற்றுக்குப் பதில் மக்ரோனியைக் கொட்டினால் எப்படியோ, அப்படி இருந்தது. இரண்டாவது கரண்டிக்கு முன்னால் மிளகுத் தூளைக் கவிழ்த்துக்கொண்டேன். பரிமாறிய பெண் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து என் முன்னால் காரச் சாஸ் பாட்டிலைக் கேட்காமலே வைத்தார். எல்லோரையும் செல்லமாக ‘ஹன்’ என்று கூப்பிடுவார். என்னையும் அப்படியே.

புதன்கிழமைகளில் மீட்லோஃப். கொத்திய இறைச்சியோடு ரொட்டித்தூள், பால், முட்டை, வெங்காயம் பிசைந்து, செங்கல் அச்சுபோன்ற தட்டில் அமுக்கி, மேலே கெட்ச்சப் தடவி ஓவனில் சுடுவது. துண்டு போட்டு, மசித்த உருளைக்கிழங்கின்மேல் சாய்த்து, கிரேவியை ஊற்றிக் கொடுப்பார்கள். கடைசி ஸ்டூல்காரர் முள்கரண்டியால் துண்டை இரண்டாகப் பிளந்து உள்ளே பார்ப்பார்.

“கறி எவ்வளவு, ரொட்டி எவ்வளவுன்னு பார்க்கறேன். எங்கம்மா செஞ்சா பாதிக்குப் பாதி ரொட்டி இருக்கும். யாருக்கும் தெரியாது.”

அவர் பிறந்தது 1936-இல். ஆலைகள் வாரத்தில் சில நாள் மட்டும் ஓடிய, சில வாரம் ஓடாமலே போன காலம். அரை கிலோ கறியை ஆறு பேருக்குக் கறிபோலக் காட்ட வேண்டும். மீட்லோஃப் அந்தத் தந்திரத்துக்குத் தோதான பண்டம். இறைச்சியில் ரொட்டியையும் ஓட்ஸையும் சேர்த்துப் பெருக்கும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சிதான் அதை வீட்டுக்கு வீடு நிலைநிறுத்தியது. பட்டியலில் இருந்த மற்றவற்றையும் அதன் பிறகு அந்தக் கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். மக்ரோனி சீஸ்: கிராஃப்ட் கம்பெனி 1937-இல் பெட்டியில் அடைத்து 19 சென்ட்டுக்கு விற்றது, நான்கு பேர் சாப்பிடலாம் என்று. போர்க்காலத்தில் இறைச்சிக்கும் சீஸுக்கும் ரேஷன் வந்தபோது ஒரு ரேஷன் முத்திரைக்கு அதில் இரண்டு பெட்டி கிடைத்தது. சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியும் தக்காளி சூப்பும்: கெடாமல் நெடுநாள் இருக்கும் பதப்படுத்திய சீஸுக்கு ஜேம்ஸ் கிராஃப்ட் காப்புரிமை வாங்கியது 1916-இல், இயந்திரத்தில் துண்டு போட்ட ரொட்டி கடைக்கு வந்தது 1928-இல், தகர டப்பா சூப் ஏற்கெனவே மலிவு. மூன்றும் சேர்ந்தபோது வேலையில்லாத நாட்டுக்கு ஒரு சாப்பாடு கிடைத்தது. கோழித் துண்டும் காய்களும் போட்டு மாவு மூடிய சிக்கன் பாட் பை, நேற்றைய மிச்சத்தைக் கௌரவமாக மூடிவைக்கும் வழி.

இந்தப் பட்டியலில் ஐம்பதுகளின் செழிப்பில் பிறந்த பண்டம் ஒன்றுகூட இல்லை. சுவரில் காடிலாக் நிற்கிறது. தட்டில் இருப்பதோ காடிலாக்கைக் கனவிலும் நினைக்காதவர்களின் சமையல். ஐம்பதுகளில் கையில் காசு வந்த தலைமுறை, அம்மா செய்த அதே மீட்லோஃபைக் கூடுதல் கறியோடு செய்து தின்றது. அவர்கள் பிள்ளைகளுக்கு அது ஞாயிற்றுக்கிழமை வாசனை ஆயிற்று. பேரப்பிள்ளைகளுக்கு அது குரோமிய விளிம்பு வைத்த மெனு அட்டையில் ஒரு வரி. பசி எங்கேயோ வழியில் உதிர்ந்துவிட்டது, ருசி மட்டும் வந்து சேர்ந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர் இருக்கும்போது கிரேவி ஊற்றிய உருளைக்கிழங்கு உடம்புக்குச் செய்யும் நல்லதை நான் அனுபவித்தவன். ஆனால் சாப்பிடுகிறவன் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் ருசிக்கும் என்பதையும் அந்தக் கடையில்தான் கற்றேன்.

கடைசி ஸ்டூல்காரர் என் தொழிலைக் கேட்டது ஜனவரிக் கடைசியில். நான் சொல்லும்முன் என் காலைப் பார்த்தார். பனியில் நனைந்து உப்புக் கோடு விழுந்த ஷூ, எங்கள் கம்பெனியில் செய்தது. குனிந்து, சோலின் ஓரத் தையலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“குட்இயர் வெல்ட். ஒழுங்கா செஞ்சிருக்காங்க. எந்த ஊரு?”

“எங்க ஊரு. இந்தியாவுல, ஆம்பூர்.”

அவர் பதினேழு வயதில் ஆலைக்குப் போனவர். முப்பது வருடத்துக்கு மேல் கட்டிங் செக்ஷன். தோலை விரித்துக் கையால் தடவி, கொசுக்கடித் தழும்பு, முள்வேலிக் கீறல், கழுத்துச் சுருக்கம் எல்லாவற்றையும் ஒதுக்கி, மிச்சத்தில் எத்தனை ஜோடி எடுக்கலாம் என்று கணக்குப் போடும் வேலை. எங்கள் ஊரிலும் கட்டிங்காரர்களுக்குத் தனி மரியாதை உண்டு. தோலின் விலை அவர்கள் கத்தியில் இருக்கிறது. நாங்கள் இருவரும் அன்று முதல் தொழில்தான் பேசினோம். பக்கத்து ஸ்டூல்காரர்களுக்கு அலுத்திருக்கும். லாஸ்ட் என்ற கால் அச்சின்மேல் ஷூவின் மேல்தோலை இழுத்து மாட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த யான் மாட்சலிகரைப் பற்றி அவர்தான் சொன்னார். சூரினாமிலிருந்து வந்த கறுப்பின இளைஞர், பாஸ்டனுக்கு வடக்கே லின் நகர ஆலையில் கூலி. கையால் செய்தால் ஒருவர் ஒரு நாளைக்கு 50 ஜோடி. 1883-இல் அவர் காப்புரிமை பெற்ற இயந்திரம் 700 ஜோடி வரை செய்தது. நாடு முழுவதும் ஷூ விலை இறங்கியது. அவர் காசநோயில் 36 வயதில் இறந்தார். இன்று எங்கள் ஆலையில் ஓடுவதும் அதே வம்சத்து இயந்திரம்தான்.

அந்த வட்டாரத்து ஷூ ஆலைகள் முதலில் கூலி குறைவான அமெரிக்க மாநிலங்களுக்குப் போயின, பிறகு கடல் தாண்டின. தாண்டிய வேலைகளில் ஒரு பங்கு ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் வந்தது. அதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாமலே தெரிந்த விஷயம் கவுன்டர்மேல் உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் அவரே அதை எடுத்துப் பேசினார். ஆலை மூடிய வாரத்தில் சங்கத்துக்காரர்கள் கூட்டம் போட்டார்களாம், எல்லோரும் கோபப்பட்டார்களாம்.

“யார்மேல கோபப்படறதுன்னு தெரியல. கத்தி பிடிச்சவன்மேல கோபப்பட முடியாது. அவனும் கட்டர்தானே.”

சொல்லிவிட்டு பை கேட்டார். ஆப்பிள் பை வந்தது. எனக்குச் சாக்லேட் துண்டு போட்ட குக்கி வைத்தார்கள். அது பக்கத்து ஊர்ச் சரக்கு. முப்பதுகளின் கடைசியில் விட்மன் நகரின் ‘டோல் ஹவுஸ்’ விடுதியில் ரூத் வேக்ஃபீல்ட் செய்து பிரபலமாக்கியது.

அவர் கண்ட ஐம்பதுகளில் டைனர் ஆலை வாசலில் நின்றது. ஷிப்ட் சங்கு ஊதியதும் கையில் பசையும் மெழுகுமாக வந்து ஏறுவார்களாம். கவுன்டரில் கூலி உயர்வு பேசுவார்கள், கடன் சொல்வார்கள். இந்தக் கடையில் கார், பாட்டு, நடிகை எல்லாம் இருக்க, அந்தச் சங்கும் பசைக் கையும் மட்டும் இல்லாதது எனக்கு அதன் பிறகு சுவரில் விட்ட வெற்றிடமாகவே தெரிந்தது. என் கண்ணில் குரோமியமும் மாறிப்போனது. அங்கே அது பளபளப்பு. எங்கள் பக்கம் அது தோலை அழுகாமல் காக்கும் உப்பு. டிரம்மிலிருந்து ஈரமாக நீல நிறத்தில் வெளியே விழும் ‘வெட் புளூ’. பாலாற்றங்கரையில் கெட்டுப்போன கிணறுகள். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் கொடுத்த தீர்ப்பு. ஒரே உலோகம். ஓரிடத்தில் சுவர் அலங்காரம், இன்னோரிடத்தில் வழக்கு.

பிப்ரவரி முதல் தேதி. கவுன்டருக்கு மேலே இருந்த சின்ன டிவியில் கிரீன்ஸ்பரோ பற்றி ஓடிக்கொண்டிருந்தது. 1960-இல் அதே தேதியில் வட கரோலினா மாநிலத்தின் அந்த ஊரில், வூல்வொர்த் கடையின் உணவுக் கவுன்டரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. அவர்கள் எழுந்துபோகவில்லை, கடை மூடும்வரை உட்கார்ந்தார்கள், மறுநாள் இன்னும் பலரோடு வந்தார்கள். போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. ஜூலை 25-ஆம் தேதிதான் அந்தக் கவுன்டரில் கறுப்பின மக்களுக்கு உணவு கிடைத்தது. டிவியில் அந்த ஸ்டூல்களைக் காட்டினார்கள். குரோமியக் கழுத்து, வினைல் மெத்தை. நாங்கள் உட்கார்ந்திருந்தது போலவே.

கடையில் அப்போது ஹெய்ட்டியிலிருந்து வந்த டாக்சி ஓட்டுநர் ஒருவர், கேப் வெர்டிக்காரர் இருவர், கடைசி ஸ்டூல்காரர், நான். யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுவரில் மாட்டிய அந்த ஐம்பதுகளில் நான் இந்த நாட்டுக்குக் குடியேற நினைத்திருந்தால், இந்தியாவுக்கு ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு 100 பேருக்கு. 1965-இல் சட்டம் மாறிய பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. வந்திருந்தாலும் எந்த ஊர்க் கவுன்டரில் என்ன கிடைத்திருக்கும் என்பது வேறு கேள்வி. ஊரில் இருந்திருந்தாலும் கேள்வி அதேதான். என் அப்பா தோல் மூட்டை ஏற்றிக்கொண்டு போன கிராமங்களில் டீக்கடையில் இரண்டு வகைக் குவளை இருந்தது. யாருக்கு எது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. குடித்துவிட்டுத் தானே கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். அப்பா அதைச் சொல்லும்போது குரல் உயராது. டீ நல்லா இருக்கும் என்று மட்டும் சேர்த்துச் சொல்வார். இந்தக் கடையில் எல்லோருக்கும் ஒரே தடித்த பீங்கான் குவளை. நான் அதைப் பார்த்தபடி நேரம் கழித்துக் கிளம்பினேன்.

கடையின் சொந்தக்காரர் ஐம்பது வயதுப் பெண்மணி. அடுப்பும் அவருடையதுதான். மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கடலில் இருக்கும் கேப் வெர்டித் தீவுகளில் பிறந்து, சிறுமியாக பிராக்டன் வந்தவர். அந்த ஊரில் கேப் வெர்டி மக்கள் மிகுதி. முதலில் இந்தக் கடையில் பாத்திரம் கழுவினார், பிறகு சமைத்தார், பழைய முதலாளி ஓய்வு பெற்றபோது வாங்கிவிட்டார். எல்விஸ் படத்தை அவர் மாட்டவில்லை, கழற்றவும் இல்லை. “எனக்கு எல்விஸ் யாருன்னே அப்போ தெரியாது. மீட்லோஃப்ல எவ்வளவு உப்புன்னு தெரியும்” என்றார். அமெரிக்காவின் பழைய காலத்தைப் பரிமாறும் கடைகளில் பலவற்றை நடத்தியது அந்தப் பழைய காலத்துக்குப் பின்னால் வந்தவர்கள்தான். நியூயார்க், நியூஜெர்சி டைனர்களில் பலவற்றைக் கிரேக்கர்கள் பிடித்து வளர்த்தார்கள். பிராக்டனில் அந்த முறை அவருக்கு வந்தது.

சனிக்கிழமைகளில் பின்கட்டு அடுப்பில் தனியாக ஒரு பெரிய பாத்திரம் கொதிக்கும். அது கறும்பலகையில் ஏறாது. வேலை செய்பவர்களுக்கும் தெரிந்த சிலருக்கும் மட்டும். குளிர்காலம் முடிவதற்குள் நானும் தெரிந்த சிலரில் ஒருவன் ஆகிவிட்டேன். கச்சுபா என்று சொல்லிக் கிண்ணத்தில் ஊற்றினார். உமி நீக்கிய மக்காச்சோளம், பயறு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, கொஞ்சம் பன்றித் தொத்திறைச்சி, பல மணி நேரம் வெந்து குழைந்தது. மிஞ்சினால் மறுநாள் காலை வெங்காயத்தோடு வதக்கி முட்டை போட்டுச் சாப்பிடுவார்களாம்; அது இன்னும் நன்றாக இருக்குமாம். மழை பொய்த்துப் பஞ்சம் வரும் தீவுகள் அவை. 1940-களில் மட்டும் இரண்டு பெரும் பஞ்சங்களில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அவருடைய பாட்டி அவற்றைக் கடந்து வந்தவர். இருப்பதையெல்லாம் ஒரே பாத்திரத்தில் போட்டு எல்லோருக்கும் வரும்படி நீட்டும் வித்தை அங்கேயும் அதே வித்தைதான்.

கடைசி ஸ்டூல்காரருக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அவர் கரண்டியால் கிளறி உள்ளே பார்த்தார்.

“இதுல கறி எவ்வளவு?” என்றார்.

“எங்க பாட்டி காலத்துல இதுல கறியே இல்ல” என்றார் முதலாளியம்மா.

அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

நான் திரும்பி வந்து பல வருடம் ஆகிறது. தொழில் இங்கேயும் ஓரிடத்தில் நிற்காது. வாங்க வருபவர்கள் இப்போதே வியட்நாம் விலையையும் வங்கதேச விலையையும் மேசைமேல் வைத்துத்தான் பேரம் தொடங்குகிறார்கள். பிராக்டனிலிருந்து எங்களிடம் வந்தது எங்களிடமிருந்தும் ஒருநாள் போகும். போய் இருபது வருடம் கழித்து, நெடுஞ்சாலை ஓரத்தில் யாராவது ‘பழைய ஆம்பூர்’ என்று பத்துப் பேர் உட்காரும் ஒரு கடை திறப்பார்கள். பித்தளை பாய்லர் வாங்கி மெருகேற்றுவார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சுவருக்கு வருவார்கள். ரேடியோப் பெட்டிக்குள் வேறு எதுவோ பாடும்.

அந்தக் கடைக்காரருக்கு இப்போதே சில யோசனைகள் எழுதிவைக்கிறேன். பிரியாணியை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், அதை விட்டுவிடலாம். காலை ஷிப்டுக்குக் கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிவந்த கம்பெனி பஸ்ஸின் படம் ஒன்று மாட்டுங்கள். அவர்கள் டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு பட்டியலில் இருக்கட்டும். கட்டிங் கத்தி ஒன்றும், வெட் புளூத் தோலின் ஒரு துண்டும், நீதிமன்றத் தீர்ப்பின் முதல் பக்கமும் வையுங்கள். இரண்டு வகைக் குவளைகளையும் தேடிப்பிடித்து, எந்த ஆண்டுவரை புழங்கியவை என்ற சீட்டோடு எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். டீயை வேறு குவளையில் கொடுங்கள். விலையை மட்டும் பழைய பாணியில் போடாதீர்கள். சமைப்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் அந்த நாளின் கூலியைக் கொடுத்தாக வேண்டும்.